ஜெண்டேயா எப்படி நடிகையானார்? மகள் கேட்கிறாள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு டீச்சர்:
நானும் வீட்டுக்காரரும் ஆசிரியர்கள். எட்டாவது படிக்கும் மகள் ஸ்பைடர்மேன் படத்தைத் தமிழில் பார்த்ததிலிருந்து ஜெண்டேயா பைத்தியமாக இருக்கிறாள். "அவங்க அப்பா அம்மாவும் டீச்சர்தாம்மா" என்று சொல்லிக் காட்டுகிறாள். தானும் நடனம், நடிப்பு என்று போக வேண்டுமாம். என் நாத்தனார் வேறு, "கறுப்பா இருக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டார். அந்தப் பெண் உண்மையில் எப்படி மேலே வந்தார்? படிப்பை விட்டுவிட்டாரா?

காவேரிப்பட்டணம் மாம்பழம்:
எல்லாம் டிஸ்னி சேனல் தயவு. அழகு, அதிர்ஷ்டம், அமெரிக்கா. நம்ம ஊருக்கு ஒத்து வராது, பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

அரூர் கூத்துக்காரர் மகன்:
டீச்சரம்மா, மாம்பழம் அண்ணன் கதையைப் பாதியிலிருந்து சொல்கிறார். டிஸ்னி வந்தது 2010-இல். அதற்கு முன் நடந்ததைத்தான் உங்கள் மகள் கேட்க வேண்டும்.

ஜெண்டேயா 1996 செப்டம்பர் 1 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர். அம்மாவின் முன்னோர் ஜெர்மனி, ஸ்காட்லாந்து பக்கம். அம்மா பள்ளி வேலையோடு பக்கத்து ஊரான ஒரிண்டாவில் அப்போது இயங்கிய ஷேக்ஸ்பியர் நாடக அரங்கில் பார்வையாளர்களைக் கவனிக்கும் மேலாளராகவும் இருந்தார். பிள்ளையும் கூடவே போகும். வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைப்பது, நிதி திரட்டச் சீட்டு விற்பது எல்லாம் அதன் வேலை. நாடகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நடிப்பாசை வந்தது. அங்கேயே பயிற்சியும் எடுத்தார். நடுவில் ஒரு ஹிப்ஹாப் நடனக் குழுவில் மூன்று வருடம், ஹவாயின் ஹுலா நடனம் இரண்டு வருடம்.

எனக்கு இது நன்றாகவே புரியும். அப்பா கூத்து வாத்தியார். மாசி பிறந்தால் பாரதக் கூத்துக்கு ஊர் ஊராகப் போவார், என்னையும் இழுத்துக்கொண்டு போவார். எனக்குத் திரை பிடிக்கும் வேலை. துரியோதனன் வேஷக்காரர் சபைக்கு வருமுன் மூச்சை இழுத்துப் பிடிப்பார். தோளில் கட்டும் புஜக்கட்டையில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் லேசாக நடுங்கும். எதிரே பாய் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது, திரை பிடிக்கிற பையனுக்குத்தான் தெரியும். (நான் கடைசியில் கணக்கு எழுதப் போய்விட்டேன், அது வேறு கதை.)

படிப்பை அவர் விடவில்லை. டிஸ்னியின் நடனத் தொடரில் வந்தபோது வயது 14. நடித்துக்கொண்டே 2015-இல் பள்ளிப் படிப்பை முடித்தார். அந்த வருடம் தொடங்கிய அடுத்த தொடரில் அவர் தயாரிப்பாளரும்கூட. கதையில் வரும் குடும்பம் வெள்ளையர் அல்லாத குடும்பமாக இருந்தால்தான் நடிப்பேன் என்று சொல்லியே ஒப்புக்கொண்டார். அந்தச் சின்ன வயதில் அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

நாத்தனார் பேச்சைப் பற்றி. நிறம் ஒரு பொருட்டே இல்லை என்று மகளிடம் பொய் சொல்லாதீர்கள். தான் வெளிர் நிறமாக இருப்பதால்தான் ஹாலிவுட் தன்னைச் சுலபமாக ஏற்றுக்கொண்டது, தன்னைவிடக் கறுத்த பெண்களுக்கு அது கிடைப்பதில்லை என்று ஜெண்டேயாவே 2018-இல் மேடையில் சொன்னார். கலப்பினப் பெண்ணாக அவர் இருந்த இடம் அது. அதை மறைக்காமல் பேசியதால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை.

2020-இல் யூஃபோரியா தொடருக்கு எம்மி விருது வாங்கினார், அது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது. நாடகத் தொடர்ப் பிரிவில் சிறந்த நாயகி விருதை 24 வயதில் வாங்கியவர் அதுவரை யாரும் இல்லை. 2022-இல் மறுபடியும் அவருக்கே. ஆனால் அது போதைப் பழக்கத்தைப் பற்றிய தொடர், எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு இப்போது வேண்டாம்.

ஊத்தங்கரை அக்கா:
நாத்தனாரை விடுங்க டீச்சர். தருமபுரியில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறதே, அங்கே பரதம், பாட்டு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அரசுப் பள்ளி என்றால் கலைத் திருவிழாவில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

பாலக்கோடு டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. சிறுவர் மன்றத்தில் சனிக்கிழமை விசாரிக்கிறேன். அரூர் தம்பி எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். "எனக்கும் திரை பிடிக்க வேலை கிடைக்குமா"ன்னு கேட்கிறாள். உங்கள் அப்பா இன்னும் கூத்துக்குப் போகிறாரா தம்பி?

அரூர் கூத்துக்காரர் மகன்:
போகிறார். வரும் மாசியில் கூட்டிக்கொண்டு வாருங்கள். விடிய விடிய நடக்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.