ஆண்டு 4 படக்கதைப் பாடம்: பேச்சுக் குமிழில் கொம்பும் காலும் சிதறுகின்றன, என்ன செய்யலாம்?

ஆண்டு4_பினாங்கு

வணக்கம் ஆசிரியர்களே. 28 மாணவர்கள், கணினி அறையில் ஓடுகிற கணினி 14. இருவருக்கு ஒன்று என்று வைத்து, 'ரதம் பார்க்கப் போனோம்' என்ற தலைப்பில் நான்கு கட்டப் படக்கதை செய்ய வைக்க வேண்டும். தைப்பூசத்தில் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவது, வழியில் தேங்காய் உடைப்பது, கூட்டத்தில் தம்பியைத் தேடுவது, தண்ணீர்மலை வந்து சேர்வது. இவ்வளவுதான் கதை.

இலவசமாகக் கிடைக்கும் ஒரு படக்கதைத் தளத்தை எடுத்தேன். உருவங்கள், பின்னணி எல்லாம் நன்றாக வருகின்றன. தமிழைத் தட்டினால்தான் கோளாறு:

'தேங்காய்' என்று தட்டினால் முதலில் த நிற்கிறது, இரட்டைக்கொம்பு அதற்குப் பின்னால் வந்து உட்காருகிறது. 'கு', 'டு' இரண்டிலும் உகரக் குறி ஒட்டாமல் தனியே தொங்குகிறது.

வேறொரு தளத்தில் திரையில் எல்லாம் சரி. பதிவிறக்கிப் பார்த்தால் எழுத்து இருந்த இடத்தில் வெறும் பெட்டி.

பழைய பயிற்றி ஒன்றிலிருந்து வசனத்தை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

எழுத்து ஒழுங்காக வந்தாலும் குமிழுக்குள் அடங்குவதில்லை. அடுத்த வாரம் 60 நிமிடப் பாடம். வழி சொல்லுங்கள்.

கணினி_பட்டர்வொர்த்

வணக்கம் டீச்சர். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் முதல் மூன்றும் மூன்று வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது.

கொம்பு இடம் மாறுவது: யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறை) 'தே' என்பது த முதலில், கொம்பு பிறகு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் நகர்த்துவதும், க-வையும் உகரக் குறியையும் சேர்த்து 'கு' என்ற ஒரே வடிவமாக்குவதும் எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. அந்தத் தளம் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைகிறது, கோப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. இதற்கு நீங்கள் எந்த எழுத்துருவை மாற்றினாலும் பயனில்லை. தட்டச்சு முறையை மாற்றினாலும் பயனில்லை. குறை தளத்தில் இருக்கிறது.

பெட்டி: எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். உங்கள் கணினி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவைக் கடன் கொடுத்ததால் திரையில் தெரிந்தது. பதிவிறக்கக் கோப்பைத் தளத்தின் வழங்கி (சர்வர்) உருவாக்கும்போது அந்தக் கடன் கிடைக்கவில்லை. இதற்கு மட்டும் எழுத்துருவை மாற்றினால் தீரும்.

ஆங்கிலக் குப்பை: பயிற்றி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திய ஏற்பாடு அது. எழுத்துரு போனதும் முகமூடி கழன்றுவிடும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு ஒட்டுங்கள். நான்கு வரிதான் என்றால் மறுபடி தட்டிவிடுவதே விரைவு.

எந்தக் கருவியையும் வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் இந்த ஐந்து சொற்களைத் தட்டி, பதிவிறக்கி, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்: தேங்காய், கொழுக்கட்டை, கைப்பை, பௌர்ணமி, டூ. திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொம்பு, இரண்டு பக்கமும் சூழும் குறி, ஐகாரம், ஔகாரம், ஒட்டும் ஊகாரம் எல்லாம் இதில் வந்துவிடும்.

ஆண்டு4_பினாங்கு

நன்றி சார். அப்படியென்றால் அந்தத் தளத்தை விட்டுவிட வேண்டியதுதானா? பிள்ளைகளுக்கு அதிலுள்ள உருவங்கள் மிகவும் பிடித்துவிட்டன.

கணினி_பட்டர்வொர்த்

விட வேண்டாம். படத்தை அங்கே செய்யுங்கள், எழுத்தை அங்கே எழுதாதீர்கள். குமிழே இல்லாமல் நான்கு கட்டங்களையும் பிஎன்ஜி படமாக இறக்கி, கூகுள் ஸ்லைட்ஸில் வைத்துத் தமிழை அதன் மேல் எழுதுங்கள். கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தள அடையாளத்தில் மாணவர்களுக்கு ஸ்லைட்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எந்தக் கணக்கும் திறக்க வேண்டியதில்லை.

முதலில் பக்க அளவு. ஃபைல், பேஜ் செட்டப், கஸ்டம் என்று போய் 29.7 × 21 சென்டிமீட்டர் கொடுங்கள். இதைக் கடைசியில் செய்தால் வைத்த படமெல்லாம் இழுபடும். சுற்றிலும் 1.2 செ.மீ. ஓரம், தலைப்புக்கு 1.5 செ.மீ., கட்டங்களுக்கு நடுவே 0.5 செ.மீ. விட்டால் ஒவ்வொரு கட்டமும் 13.4 × 8.3 செ.மீ. வரும். தளத்தில் படம் செய்யும்போதும் ஏறக்குறைய இதே விகிதத்தில் செய்யச் சொல்லுங்கள்.

கட்டத்தின் கோடுகளைச் சாதாரணப் பக்கத்தில் வரையாதீர்கள். தீம் பில்டரைத் திறந்து அங்கே வரையுங்கள். அங்கே வரைந்தது மாணவர் பக்கத்தில் தெரியும், ஆனால் எலியில் பிடித்து இழுக்க வராது. 9, 10 வயதுப் பிள்ளைகள் குமிழைப் பிடிக்கப் போய்க் கட்டத்தையே நகர்த்திவிடுவார்கள். பாதி நேரம் அதைச் சரிசெய்வதில் போய்விடும்.

குமிழுக்கு இன்செர்ட், ஷேப், கால்அவுட்ஸ். குமிழைத் தேர்ந்தெடுத்தால் வால் நுனியில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு புள்ளி தெரியும். அதைப் பிடித்து இழுத்து வாலைப் பேசுபவரின் வாய்ப்பக்கம் திருப்புங்கள். வால் வாயைத் தொட வேண்டாம், பாதி தூரம் வந்தால் போதும்.

எழுத்துருப் பட்டியலில் மோர் ஃபாண்ட்ஸ் போய் ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் உள்ளவை மட்டும் வரும். பேச்சுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர், கத்தலுக்கும் ஓசைக்கும் பாலூ தம்பி 2. கவிவனார் கையெழுத்துப் போல அழகாக இருக்கும், ஆனால் மெல்லிய கோடு. சிறிய அளவில் படிக்கச் சிரமம்.

எந்தக் கருவியானாலும் எழுத்தை வளைக்கும் அலங்காரமும் எழுத்திடைவெளியைக் கூட்டுவதும் வேண்டாம். எழுத்துகளைப் பிரித்து வைக்கும்போது குறிகள் மறுபடி கழன்றுகொள்ள வாய்ப்புண்டு.

தமிழ்மொழி_செந்தூல்

குமிழில் அடங்காததற்கு நான் சொல்கிறேன் டீச்சர். இதில் எழுத்துரு அளவைக் குறைத்துக்கொண்டே போவதுதான் எல்லாரும் செய்கிற தவறு.

ஒன்று, குமிழின் வடிவம். நீள்வட்டத்துக்குள் எழுத்துக்குக் கிடைக்கும் செவ்வகம் மொத்த இடத்தில் பாதிதான். முனை மழுங்கிய செவ்வகக் குமிழைக் கொடுங்கள். அதே இடத்தில் ஏறக்குறைய இருமடங்கு எழுத்து அடங்கும். வரி இடைவெளி 1.15-க்குக் கீழே போகக் கூடாது. மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் மோதிக்கொள்ளும்.

இரண்டு, சொல். 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதை எண்ணிப் பாருங்கள், 14 எழுத்து. 14 புள்ளி அளவில் 6 செ.மீ. வரியை அது ஒன்றே நிரப்பிவிடும். வரி போதாவிட்டால் கருவி சொல்லை எங்கே வேண்டுமானாலும் முறிக்கும். பிள்ளைகள் கட்டுரையில் எழுதிப் பழகிய வாக்கியத்தை அப்படியே குமிழில் இறக்குவதால்தான் இது வருகிறது. ஒரு குமிழுக்கு 7 சொல், ஒரு கட்டத்துக்கு 2 குமிழ் என்று வரம்பு வைத்துவிடுங்கள்.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் கட்டத்துக்குப் பிள்ளை எழுதக்கூடியது: "அம்மா, என்னுடைய தம்பி கூட்டத்தில் காணாமல் போய்விட்டான், நாம் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்." கூட்டம் படத்தில் இருக்கிறது. அம்மா படத்தில் இருக்கிறார். தேட வேண்டும் என்பது அக்காவின் முகத்தில் இருக்கிறது. குமிழில் மிஞ்சுவது: "அம்மா! தம்பியைக் காணோம்!" படம் சொல்வதைக் குமிழ் திரும்பச் சொல்ல வேண்டாம். இந்த ஒன்றை வகுப்பில் செய்து காட்டினால் எழுத்து அடங்காத சிக்கல் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

தேங்காய் உடைக்கும் கட்டம் இருக்கிறதே, விட்டுவிடாதீர்கள். 'சடசட', 'மடமட', 'திமுதிமு' என்று இரட்டைக்கிளவி படிப்பிக்க அதைவிட நல்ல இடம் வராது. ஓசையைக் குமிழில் போடாமல் தனி எழுத்துப்பெட்டியில் 36 புள்ளி அளவில் போட்டு, பெட்டியைச் சற்றே சாய்க்கச் சொல்லுங்கள்.

பேச்சுத்தமிழ்_கேஎல்

ஒரு கருத்து. குமிழில் பேச்சுத்தமிழை விட்டால் என்ன? 'போய்க்கொண்டிருக்கிறோம்' என்பதை 'போயிட்டிருக்கோம்' என்று எழுதினால் இடமும் மிச்சம், உயிரும் வரும். படக்கதை என்பதே பேச்சுதானே.

தமிழ்மொழி_செந்தூல்

ஐயா, இடைநிலைப்பள்ளி என்றால் ஒப்புக்கொள்வேன். நான்காம் ஆண்டில் எழுத்து வழக்கு இன்னும் கைக்கு வரவில்லை. குமிழில் 'போயிட்டிருக்கோம்' எழுதிய பிள்ளை அடுத்த நாள் கட்டுரையிலும் அதையே எழுதும். அதற்காகக் குமிழ் விறைப்பாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எழுத்து வழக்கிலேயே குட்டையான சொற்கள் நிறைய உண்டு: வா, பார், ஓடாதே, அதோ, இரு, காணோம். ஏவலும் விளிப்பும் இரு வழக்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கொண்டே குமிழை நிரப்பலாம். நீண்ட வினைமுற்று வேண்டுமென்றால் கட்டத்தின் மேல் விளக்கப்பெட்டி இருக்கிறது.

ஆண்டு4_பினாங்கு

மிகவும் பயனாக இருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. 14 இணையரையும் ஒரே கோப்பில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார வைக்கலாமா? கையால் வரைந்த படத்தை வைக்க விரும்பும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றை ஸ்லைட்ஸ் ஏற்க மறுக்கிறது.

கணினி_பட்டர்வொர்த்

ஒரே கோப்பு வேண்டவே வேண்டாம் டீச்சர். ஒருவர் பக்கத்தை இன்னொருவர் அழித்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் போய் மீட்கலாம்தான், ஆனால் மீட்கும்போது மற்ற 13 இணையர் அதற்குப் பிறகு செய்ததும் பின்னோக்கிப் போகும். கூகுள் கிளாஸ்ரூமில் பணியாகக் கொடுத்து, கோப்புக்குப் பக்கத்தில் 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு படி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பணியை அனுப்புவதற்கு முன்னாலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்பிய பிறகு அதை மாற்ற முடியாது. இணையரில் ஒருவருடைய படியில் இருவரும் வேலை செய்யட்டும்.

படம் மறுக்கப்படுவதற்குக் காரணம் அளவு. ஸ்லைட்ஸ் 50 எம்பிக்கும் 25 மெகாபிக்சலுக்கும் உட்பட்ட படத்தைத்தான் ஏற்கும். இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் 50 மெகாபிக்சல் அமைப்பு உண்டு. அதை 12-க்கு மாற்றி எடுங்கள். வரைந்த பென்சில் கோட்டின் மேல் கறுப்பு மையால் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள், பென்சில் மட்டும் என்றால் படத்தில் சாம்பலாகிவிடும். சன்னலோர வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே இருந்து எடுங்கள். விளக்கின் கீழ் எடுத்தால் உங்கள் கையின் நிழலே தாளில் விழும்.

தட்டச்சு மெதுவாகப் போகும் என்ற கவலை இருந்தால், கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சுக்குத் தமிழ் உண்டு. ஸ்லைட்ஸில் அது பேச்சாளர் குறிப்புப் பகுதியில் மட்டுமே வேலை செய்யும். ஆனால் 14 இணையர் ஒரே அறையில் பேசினால் ஒன்றும் சரியாகப் பதியாது. ஒருவர் படிக்க மற்றவர் தட்டுவதே நல்லது; மொத்தம் 8 குமிழ்தானே.

60 நிமிடத்தில் வரைவும் தட்டச்சும் இரண்டும் முடியாது. முந்தைய பாடத்திலேயே ஏ4 தாளை நான்காக மடித்துக் குச்சி மனிதர்களோடு வசனத்தையும் எழுதி வாங்கித் திருத்திவிடுங்கள். கணினி அறைக்குத் திருத்திய தாள் கையில் இல்லாமல் யாரும் வர வேண்டாம்.

ஆண்டு4_பினாங்கு

ஒரு மாதிரிப் பக்கம் செய்து பார்த்தேன். ஐந்து சொல்லும் சரியாக வந்தன, குமிழும் அடங்கியது. பிஎன்ஜியாக இறக்கி அச்சிட்டு, அதை நகல் இயந்திரத்தில் போட்டால் சில இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடுகிறது. 'பால்' என்பது 'பால' என்று தெரிகிறது.

கணினி_பட்டர்வொர்த்

பிஎன்ஜி திரைக்கான அளவில் இறங்குகிறது, ஏ4 அச்சுக்கு அது போதாது. பிடிஎஃப் ஆக இறக்குங்கள். அதில் எழுத்து கோட்டு வடிவமாகவே போவதால் புள்ளி கூர்மையாக விழும். எழுத்தைச் சாம்பலில் விடாமல் முழுக் கறுப்பாக்கி, தடிமனை ஒரு படி கூட்டுங்கள். குமிழுக்குள் வெள்ளை நிரப்பியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். குமிழ் ஒளிபுகும்படி இருந்தால் பின்னாலுள்ள நிறம் நகலில் பொட்டுப் பொட்டாக விழும், புள்ளி எது பொட்டு எது என்று பிரித்தறிய முடியாது.