ஆஸ்-பில்ட் டிராயிங்குக்குத் தமிழ்: ‘உள்ளபடி வரைபடம்’

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் நகராட்சிக் கட்டுமானப் பணிச் சொற்களில் ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, மதிப்பீடு, பிடித்தத் தொகை ஆகியவை தகராறில்லாமல் முடிந்துவிட்டன. பணி முடிந்த பின் உள்ள நிலையைக் காட்டும் ‘ஆஸ்-பில்ட் டிராயிங்’ மட்டும் முடியாமல் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: கட்டியபடி வரைபடம், நிறைவு வரைபடம், மெய்நிலைப் படம். மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணங்களைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடைப் பணி தொடங்கும்போது பொறியாளர் கையில் இருப்பது வடிவமைப்பு வரைபடம். தோண்டத் தொடங்கியதும் ஓரிடத்தில் பாறை வரும், வேறோரிடத்தில் பழைய குடிநீர்க் குழாய் குறுக்கே கிடக்கும். குழாயின் தடமும் ஆழமும் அதற்கேற்ப மாறும். பணி முடிந்த பின் எந்தக் குழாய் எங்கே, எந்த ஆழத்தில், எந்தச் சரிவில் மண்ணுக்குள் கிடக்கிறது என்பதை அளந்து குறித்த தாளுக்கே நாம் பெயர் தேடுகிறோம். கழிவுநீர் தன் எடையாலேயே வழிந்தோட வேண்டியது என்பதால், குழாயின் உள் அடிமட்டம் சில சென்டிமீட்டர் பிசகினாலும் அடுத்து வருபவருக்கு அது பெரிய செய்திதான்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரின் தேரோடும் வீதியில், வரைபடத்தின்படி கழிவுநீர்க் குழாய் கிழக்கு ஓரமாகச் செல்கிறது. அதை நம்பி மேற்கு ஓரத்தில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டியபோது, மூன்றாவது வாளி மண்ணிலேயே ஜேசிபி கழிவுநீர்க் குழாயை உடைத்தது. தேர் நிலைக்கு நிற்கும் இடத்தின் கல் அடித்தளம் குறுக்கிட்டதால், ஒப்பந்ததாரர் எதிர்ப்புறமாகப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார். அலுவலகம் திரும்பி அந்தத் தாளை மறுபடி விரித்துப் பார்த்தேன். ஆளிறங்கு குழிகள் (மேன்ஹோல்கள்) முப்பது மீட்டருக்கு ஒன்றாக, நூலில் கோத்த மணிபோல வரிசை குலையாமல் நின்றன. எந்த ஊர் வீதியும் அப்படி வளைந்துகொடுக்காது. அந்த ஒழுங்கே அது அளந்து வரைந்த படம் அன்று என்பதைக் காட்டிக்கொடுத்தது. தலைப்புக் கட்டத்தில் ‘உத்தேசம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘ஆஸ்-பில்ட்’ என்று ரப்பர் முத்திரை குத்தியிருந்தார்கள். இறுதிப் பட்டியலுக்கு (ஒப்பந்ததாரர் பணம் கோரும் கடைசி பில்லுக்கு) இணைப்பு வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது.

இனி அந்த மூன்று சொற்கள். ‘கட்டியபடி’ என்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. குழாயை யாரும் கட்டுவதில்லை, பதிக்கிறார்கள் என்பது சிறிய சிக்கல். இறந்தகாலப் பெயரெச்சத்தை அடுத்து வரும் ‘படி’ இருபொருள் தருவது என்பதே பெரிய சிக்கல்: ‘சொன்னபடி செய்தான்’ என்றால் சொன்னதற்கேற்ப, ‘சிரித்தபடி வந்தான்’ என்றால் சிரித்துக்கொண்டே. ஆகவே ‘கட்டியபடி வரைபடம்’ என்பதைக் கட்டிக்கொண்டே வரைந்த படம் என்று ஒருவர் வாசித்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. ‘பதித்தபடி’ என்று மாற்றினாலும் இதே கதைதான். ‘நிறைவு வரைபடம்’, பணி நிறைவுச் சான்றோடு ஒட்டிக்கொண்டு, வேலை முடிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. மேலே சொன்ன, ரப்பர் முத்திரை குத்திய தாளும் அந்தப் பெயருக்குத் தகுதி பெற்றுவிடும். ‘மெய்நிலை’ அழகான சொல்தான், ஆனால் ‘வர்ச்சுவல்’ என்பதற்கு ‘மெய்நிகர்’ ஊன்றிவிட்ட பிறகு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

என் பரிந்துரை ‘உள்ளபடி வரைபடம்’. இதில் ‘படி’க்கு இரண்டாம் பொருள் எழ வழியில்லை. கட்டடம், சாலை, குழாய், மின்வடம் எதற்கும் பொருந்தும். அதைவிட முக்கியம், ‘உள்ளபடி சொல்’ என்று கேட்டால் உண்மையைச் சொல் என்றுதான் தமிழில் பொருள். வடிவமைப்புத் தாளின் நகலுக்கு மேல் இந்தச் சொல்லை எழுதுபவருக்குக் கொஞ்சமாவது கை கூசும். சொல் மாற்றத்தால் நடைமுறை மாறுமா என்று சிரிக்க வேண்டாம். கழிவுநீர்க் குழிக்குள் மனிதர் இறங்கக்கூடாது என்பதை உணர்த்தவே, 2020-இல் ஒன்றிய நகர்ப்புற அமைச்சகம் ‘மேன்ஹோல்’ என்பதை ‘மெஷின்ஹோல்’ என்று மாற்றச் சொன்னது. (நான் மேலே ‘ஆளிறங்கு குழி’ என்றே எழுதிவிட்டேன், அந்தச் சொல்லையும் நாம் ஒருநாள் எடுத்துப் பேச வேண்டும்.)

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். பணிக்கு முன்பு களத்தில் இருப்பதைக் காட்டும் அளவாய்வுப் படத்தையும் ‘உள்ளபடி’ என்று சொல்லலாமே, அப்போது எப்படிப் பிரித்தறிவது? தேதியால் பிரித்தறியலாம். ஒரு பணியின் உள்ளபடி வரைபடம்தான் அடுத்த பணியின் தொடக்க நிலை. ஊருக்கு இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள் அல்ல. வருவாய்த் துறையின் பயிர்ப் பதிவேடான அடங்கல் அப்படித்தான் இயங்குகிறது: அந்தந்தப் பசலியில் (வருவாய் ஆண்டில்) நிலத்தில் என்ன பயிர் நின்றது என்பது அந்தந்த ஆண்டின் பதிவு, பெயர் ஒன்றே.

இந்தத் தொடர்ச்சி எவ்வளவு தேவை என்பதற்கு சென்னைப் பகுதியிலுள்ள ஆலந்தூர் நல்ல சான்று. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை மக்களிடமே திரட்டி, 2000-ஆம் ஆண்டையொட்டிப் பாதாளச் சாக்கடைப் பணியைத் தொடங்கிய நகராட்சி அது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் அமைத்தார்கள். 2011-இல் அந்த நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. பதித்த உள்ளாட்சி இன்று தனி அமைப்பாக இல்லை, பொறியாளர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள், குழாய் மட்டும் மண்ணுக்குள் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் வாய்மொழி நினைவு உதவாது. தேதியிட்ட தாள்தான் பேச வேண்டும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “உள்ளபடி வரைபடத்தை உதவிப் பொறியாளர் களத்தில் அளந்து சரிபார்த்த பின்னரே இறுதிப் பட்டியல் ஏற்கப்படும்.” உறுத்தவில்லை. பேச்சில் ‘உள்ளபடி வந்துவிட்டதா?’ என்று சுருங்கினாலும் புரியும்.

எனக்கே தெளிவில்லாதது ஒன்று இருக்கிறது. இப்போது பல ஊர்களில் தாளுக்குப் பதிலாக ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) கோப்புகளாகவே ஒப்படைக்கிறார்கள். அங்கே வரைபடம் என்பது தரவின் ஒரு தோற்றம் மட்டுமே. அதை ‘உள்ளபடித் தரவு’ என்று தனியாகப் பிரிப்பதா, வரைபடத்துக்குள்ளேயே அடக்குவதா? புவியியல் தகவல் முறைமையில் நாள்தோறும் பணிசெய்யும் நண்பர்கள் சொல்ல வேண்டும்.