அம்மம்மாவின் இலட்சுமி படம் கல்லச்சா, ஓப்செற்றா? அறிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் அம்மம்மா வீட்டுச் சாமியறையில் தொங்கும் இலட்சுமி படத்தை, ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சு அச்சகத்தின் படம் என்றே வீட்டார் நம்பி வருகிறார்கள். அது உண்மையில் கல்லச்சா, பின்னாளின் ஓப்செற் அச்சா என்று அறிய விரும்பிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன்.

ஒளிப்படத்திலிருந்து தகடு செய்து அச்சிடும் ஓப்செற் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசைகளில் விழுந்திருக்கும். கல்லில் வரைந்து அச்சிடும் பழைய முறையான கல்லச்சிலோ, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் கையால் இட்ட புள்ளிகள் சீரின்றிச் சிதறியிருக்கும். இலட்சுமியின் கன்னத்தில் புள்ளிகள் சிதறியே கிடக்கின்றன. ஆனால் சேலையின் சிவப்பு ஓரத்தில் வரிசை போன்ற ஒன்று தெரிகிறது. பழைய கல்லச்சுப் படத்தைப் பின்னாளில் ஒளிப்படம் எடுத்து ஓப்செற்றில் அச்சிட்டால், கல்லின் புள்ளிகளும் கூடவே பதிந்துவிடும் என்பதால், கன்னத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே பூசிய வார்னிசின் மினுக்கமும் உறுதியான சான்றாகாது.

இவ்விரண்டையும் பிரித்தறிய வேறு எதைப் பார்க்க வேண்டும்? கடற்காற்றின் ஈரத்தால் தாளின் கீழ்மூலை கண்ணாடியோடு ஒட்டத் தொடங்கியுள்ளது. அதைக் கிழியாமல் பிரிக்க வழியுண்டா, அல்லது தொடாமல் விடுவதே நல்லதா? பழைய அச்சுப் படங்களைக் கையாண்டவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள். கன்னம், சேலை இரண்டின் அண்மைப் படங்களையும் இணைத்துள்ளேன்.