வளியுருளையும் அதன் இறுதி மிதப்பும்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சுழியோடிகளுக்கான பாதுகாப்புக் கைந்நூலில், அவர்கள் சுவாசிக்கும் வளியை அடைத்து முதுகில் சுமக்கும் சிலிண்டர்களில் உருக்கினாலானதைப் "பாரவுருளை" என்றும் அலுமினியத்தாலானதை "இலேசுருளை" என்றும் வழங்கலாம் எனச் சென்ற மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. இவ்விரு சொற்களையும் நாம் ஏற்கக் கூடாது. அலுமினியம் இலேசானது என்ற எண்ணம் நமது குசினிப் பாத்திரங்களிலிருந்து வந்தது. அதன் அடர்த்தி உருக்கினுடையதில் ஏறத்தாழ மூன்றிலொன்று என்பது உண்மையே. ஆனால் 200 பார் (வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு) அமுக்கத்துக்கு ஈடுகொடுக்கும் வலிமை அதற்குக் குறைவாகையால், சுவர் ஒரு சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புடன் அமைக்கப்படுகிறது. உருக்குக்கு அதில் பாதியும் தேவையில்லை. இதனால் பரவலாகப் புழங்கும் 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டரும் 12 லீற்றர் உருக்குச் சிலிண்டரும் வெறுமையாக இருக்கும்போது கிட்டத்தட்ட ஒரே நிறையுடையவை. இரண்டும் 14 கிலோகிராம் அளவில் நிற்கும். தோளில் சுமந்து வள்ளத்தில் ஏற்றுபவருக்கு எது பாரம், எது இலேசு என்று சொல்ல முடியாது.

வேறுபாடு நீருக்குள் இறங்கிய பின்னரே தெரியும். தடித்த சுவருடைய அலுமினியச் சிலிண்டர் கூடுதலான இடத்தை அடைத்து, அதற்கேற்பக் கூடுதலான கடல்நீரை இடம்பெயர்க்கிறது, மேலுதைப்பும் கூடுகிறது. கடலட்டைக்குப் போய்த் திரும்பிய வள்ளமொன்றிலிருந்து நாயாற்றுக் கரையில் சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தபோது இதைக் கண்ணால் கண்டேன். வளி பெரிதும் தீர்ந்திருந்த இரண்டு சிலிண்டர்கள் கைதவறி இடுப்பளவு நீரில் விழுந்தன. உருக்குச் சிலிண்டர் நேரே மணலில் போய்க் கிடந்தது. அலுமினியச் சிலிண்டரோ ஒருமுறை அமிழ்ந்து, வால்வு கீழே தொங்க, தட்டையான அடிப்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதந்தது. ஓர் இளைஞர் நீந்திப் போய் அதை இழுத்து வந்தார். மற்றதைக் காலால் துழாவித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கைந்நூல் விளக்க வேண்டியது இந்த நடத்தையைத்தான். மேலே சொன்ன அலுமினியச் சிலிண்டரில் நிரம்பும் வளியின் நிறை ஏறத்தாழ 2.7 கிலோகிராம். நிரம்பிய நிலையில் கடல்நீரில் அது முக்கால் கிலோ அளவுக்குத் தாழும். முற்றிலும் வெறுமையானால் ஏறத்தாழ 2 கிலோ அளவுக்குத் தூக்கும். உருக்குச் சிலிண்டரும் வளி குறையக் குறைய நிறை இழக்கிறது, ஆனால் பெரும்பாலான வகைகள் வெறுமையான பின்னும் தாழ்ந்தே நிற்கின்றன. அதனால்தான் அலுமினியத்துக்கு மாறுகிற சுழியோடி தன் ஈயப் பட்டியில் 2 அல்லது 3 கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டாமல் இறங்கியவருக்கு ஆழத்தில் எதுவும் தெரியாது; திரும்பும் வழியில் 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரித்து நிற்க வேண்டிய இடத்தில் முதுகிலுள்ள சிலிண்டர் அவரை மேலே இழுக்கும். அங்கே நிற்க முடியாமல் விரைந்து மேலெழுந்தால் உடலில் கரைந்துள்ள நைதரசன் குமிழிகளாகி மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்கக்கூடும். ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு நீட்டி எழுதுவது இதற்காகவே.

வளி தீரும் கட்டத்தில் சிலிண்டர் எவ்வளவு தூக்கும் அல்லது தாழும் என்ற இப்பண்புக்கு "வெற்று மிதப்பு" என்று முதலில் எண்ணினேன், பிறகு கைவிட்டேன். எவரும் சிலிண்டரை வெறுமையாக்கிக்கொண்டு மேலே வரக் கூடாது. 50 பார் மீதமிருக்க வேண்டும். அந்த 50 பாரில் அலுமினியச் சிலிண்டர் தூக்குவது ஏறத்தாழ 1.3 கிலோ, ஈயத்தைக் கணிக்கும் சுழியோடிக்கு வேண்டிய எண் அதுவே. "வெற்று" என்ற அடையோ வீண் என்ற பொருளையும் தந்துவிடும். ஆகவே "இறுதி மிதப்பு" என்பதை முன்மொழிகிறேன். பாடசாலையில் ஆரம்ப வேகம், இறுதி வேகம் என்று படித்த எவருக்கும் இதன் அமைப்பு புதிதல்ல. அதன் இரு வகைகளுக்கும் கணிதத்தின் நேர், மறை என்ற அடைகளை இட வேண்டாம். "மறை மிதப்பு" என்றால் ஒளிந்து மிதப்பது என்றே கரையில் கேட்பவர் கொள்வார். அவர்கள் வாயில் ஏற்கெனவே "தூக்குது", "தாழுது" என்ற சொற்கள் இருக்கின்றன. எழுமிதப்பு, தாழ்மிதப்பு என்று அவற்றையொட்டி அமைத்தால் போதும்.

சிலிண்டருக்குக் "கலன்" என்பதையும் நான் ஆதரிக்கவில்லை. மண்ணெண்ணெயைக் கலன் கணக்கில் அளந்த நம் பகுதியில் அது அளவுச் சொல். தாங்கி என்றால் உயரத்தில் நிற்கும் நீர்த்தாங்கிதான் நினைவுக்கு வரும். "வளியுருளை" பொருந்துகிறது, பேச்சிலுள்ள சிலிண்டரும் கணிதப் புத்தகத்து உருளையும் ஒன்றே. வளி என்ற முன்பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. செய்திகளில் வழக்கமாக எழுதப்படும் "ஒட்சிசன் சிலிண்டர்" பெரும் பிழை: உள்ளே இருப்பது வளி, தூய ஒட்சிசனை 6 மீற்றருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம்.

உருக்கு, எஃகு என்ற இரண்டில் இங்கே புழங்கும் உருக்கையே வைத்துக்கொள்ளலாம். இது கறையில் உருக்கு (துருப்பிடிக்காத "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்") அன்று என்பதை அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும். ஈரமான வளி அடைக்கப்பட்டால் உட்சுவரில் கறள் பிடிக்கும். அலுமினியத்தின் மேல் படியும் வெண்ணிற ஒட்சைட்டைக் கறள் என்று எழுதாதிருப்போம்.

அன்று நீந்திப் போன அந்த இளைஞரிடம் "இறுதி மிதப்பு" என்ற சொல்லை விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். "கடைசியிலை தூக்கிறதைத்தானே சொல்லுறியள், சேர்?" என்று கேட்டார். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். உருளையின் கழுத்தில் பொறிக்கப்படும் சோதனைத் திகதி, வேலை அமுக்கம் ஆகியவற்றுக்கான சொற்களை அடுத்த மடலில் எடுத்துக்கொள்வோம்.