ஒகிட்டோ பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர்? (பேசுவோர் நால்வரும் அவரவர் மும்பைப் பகுதியின் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

மாதுங்கா:
பிள்ளைகளுக்கான மேஜிக் வகுப்புக் கையேடு வெள்ளி மாலைக்குள் அச்சுக்குப் போகணும். ஒகிட்டோ பாக்ஸ் பாடத்தில் பெயர் இடிக்கிறது. சின்னப் பித்தளை டப்பி. மூடி வாய்ப்பக்கமும் பொருந்தும், அடிப்பக்கமும் பொருந்தும். இடக்கை விரல்மேல் டப்பியை வைத்து நாலு காசு போடுகிறோம். மூடியைக் கொண்டுவரும் மறைவில் கட்டைவிரலால் டப்பியைப் புரட்டி, அடிமேல் மூடிவிடுகிறோம். அப்புறம் கையோடு குலுக்கினாலும் காசுச் சத்தம் கேட்கும், விரல்தானே இப்போது தரை. டப்பியைத் தூக்கினால் காசு விரலிலேயே தங்கும். 'கவிழ்ச்சிமிழ்' என்று போட்டிருக்கிறேன், சரியா?

டோம்பிவிலி:
ச் வராது. வினைத்தொகை, சுடுசோறு போல. கவிழ்சிமிழ்.

செம்பூர்:
இலக்கணம் பிழைத்துக்கொண்டது, தொழில் போச்சு. பையன் நாலு பேர் முன்னால் 'என் கவிழ்சிமிழைப் பாருங்க' என்றால் குட்டு பெயரிலேயே உடையும். ஒகிட்டோ எதையும் காட்டிக்கொடுக்காது. டச்சு வித்தைக்காரர் தியோ பாம்பர்க்கின் மேடைப்பெயர் அது. டோக்கியோவின் பழைய ரோமன் எழுத்துகளை (Tokio) கலைத்து அடுக்கியது (Okito). அப்படியே விடுங்கள்.

முலுண்டு:
மூடிபோட்ட சின்னப் பெட்டிக்குச் செப்பு என்ற சொல் கையில் இருக்க ஏன் ஊரெல்லாம் அலைகிறீர்கள்? நம்மிடம் மேஜிக்குக்கே பெயர் செப்படி வித்தை. 'செப்பின் புணர்ச்சிபோல்' என்று குறள் 887 சொல்வதும் வெளியே ஒட்டி உள்ளே ஒட்டாத செப்பையும் மூடியையும்தான். செம்பு செப்பானது இரும்பு இருப்பானதுபோல. காசும் செம்பு, பெட்டியும் செப்பு!

டோம்பிவிலி:
செப்படியா, செப்பிடு வித்தையா? இடுதல் என்றால் பந்தைச் செப்புக்குள் இடுவது. அடி என்றால் செப்பின் அடியில் ஒளிப்பது. இந்த டப்பியில் சூட்சுமம் அடியில்தான் இருக்கிறது, ஆகவே செப்படி.

செம்பூர்:
தாராவிப் பிள்ளைகளுக்குச் செப்பு என்றால் சொப்புச் சாமான்தான் நினைவுக்கு வரும். வேரைத் தோண்டியது போதும், கையேட்டில் பெரிய ஓட்டை வேறு இருக்கிறது. 'பத்து ரூபாய் நாணயம் நான்கு' என்கிறீர்கள். கடையில் கிடைக்கும் டப்பி பெரும்பாலும் அமெரிக்க அரை டாலருக்குச் செய்தது, 30.6 மி.மீ. நம் பத்து ரூபாய் 27. புரட்டும்போது அடுக்கு சரிந்து ஒரு காசு விளிம்பில் மாட்டும், டப்பி சாய்ந்து நிற்கும். 27-க்குக் கடைந்த டப்பிதான் வேண்டும். இருபது ரூபாயும் 27தான், ஆனால் பன்னிரண்டு மூலை, கலக்கக்கூடாது. இதே டப்பியின் 'பாஸ்டன் பாக்ஸ்' வகையில் இன்னும் மோசம். அதன் அடியில் ஒரு காசு உட்காரும் குழி உண்டு; கவிழ்ந்த பிறகும் டப்பி நிறையக் காசு இருப்பதுபோல் காட்டுவது அதுதான். சின்னக் காசு போட்டால் குழிக்குள் நகர்ந்து ஓரத்தில் பித்தளை பல்லிளிக்கும்.

மாதுங்கா:
அளவைத் திருத்திவிட்டேன். பாஸ்டனுக்குக் குழியடிச் செப்பு என்று வைக்கலாமா? பக்கவாட்டுப் பிளவு வழியாகக் காசு கைக்குள் வழுக்கும் வகையும் ஒன்று இருக்கிறதே?

முலுண்டு:
பிளவுச் செப்பு.

செம்பூர்:
இரண்டும் காட்டிக்கொடுக்கும். டப்பி என்றே சொல்லட்டும், பொடி டப்பி எல்லோருக்கும் தெரியும்.

முலுண்டு:
டப்பி தமிழா?

மாதுங்கா:
நேரமில்லை. பார்ப்பவர் காதில் விழுவது 'சிமிழ்' மட்டும். வகைப்பெயர்கள் பாடத்துக்குள்ளேயே இருக்கட்டும், அங்கே ஒகிட்டோவுக்குக் கவிழ்சிமிழ். ஆட்சேபம் உண்டா?

டோம்பிவிலி:
இல்லை.

செம்பூர்:
சரி, போடுங்கள்.

முலுண்டு:
உண்டு. சிமிழ் குங்குமத்துக்கு. அடுத்த பதிப்பில் செப்பை மறுபடி எழுப்புவேன்.