சிவில் 3டி (ஆட்டோகேட் மேல் ஓடும் சாலை, குழாய் வடிவமைப்பு மென்பொருள்) புதுப் பதிப்பு: கோப்பு "திறந்தால்" போதுமா?

தூக்குகுண்டு:
"டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபடக் கோப்பு) வடிவம் 2018க்குப் பிறகு மாறவே இல்லை. சின்ன நிறுவனம் புதுப் பதிப்புக்கு மாறுவது வீண் வேலை" என்று ரசமட்டம் மறுபடியும் எழுதியிருக்கிறார். 2026 பதிப்பு வரை வடிவம் மாறவில்லைதான். ஆனால் அது வெறும் பெட்டி. உள்ளே இருக்கும் சர்ஃபேஸ் (நிலப்பரப்பு மாதிரி), காரிடார் (சாலையின் முப்பரிமாண மாதிரி), பைப் நெட்வொர்க் (குழாய் வலையமைப்பு) எல்லாம் சிவில் 3டியின் சொந்தச் சரக்கு. புதுப் பதிப்பில் அறிமுகமான ஆப்ஜெக்டைப் பழைய பதிப்புக்கு அடையாளமே தெரியாது. ப்ராக்ஸியாக, அதாவது வெறும் பதிலி உருவமாகக் காட்டும். கண்ணால் பார்க்கலாம், திருத்த முடியாது.

ரசமட்டம்:
திறக்குதா இல்லையா? திறக்கும். நான் சொன்னது அதுதான். எதிர்த்தரப்பு புதுப் பதிப்பில் அனுப்பினால் லேண்ட் எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கிடையே நில, சாலைத் தரவைப் பரிமாறும் பொதுக் கோப்பு) கேட்டு வாங்குங்கள், முடிந்தது கதை.

தூக்குகுண்டு:
முடியவில்லை சார். லேண்ட் எக்ஸ்எம்எல்லில் சர்ஃபேஸ் வரும், அலைன்மென்ட் (மையக்கோடு), புரொஃபைல் (நெடுக்குவெட்டு), பைப் வரும். காரிடார் வராது. அசெம்ப்ளி (சாலைக் குறுக்குவெட்டின் அச்சு) வராது, டார்கெட் (அது போய்ச் சேர வேண்டிய இலக்கு) வராது. மையக்கோடு அரை மீட்டர் நகர்ந்தால் காரிடாரை முதலிலிருந்து கட்டி, குறுக்குவெட்டும் மண் கணக்கும் புதிதாக எடுக்க வேண்டும். போன இழையிலும் இதே இடத்தில்தான் நழுவினீர்கள்.

ரசமட்டம்:
நழுவவில்லை. கேட்டது வடிவத்தைப் பற்றி. வடிவம் மாறவில்லை.

மூலைமட்டம்:
இரண்டு பேரும் ப்ளகினை (மென்பொருளோடு சேர்த்து ஓட்டும் துணை நிரலை) மறந்துவிட்டீர்கள். ஆட்டோகேட் 2025 டாட்நெட் 8க்கு (நிரல்களை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் தளம்) போய்விட்டது. பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்குக்கு எழுதிய ப்ளகின் கோப்பை (டிஎல்எல்) அதற்கேற்ப மாற்றித் திரும்ப கம்பைல் செய்ய வேண்டும். லிஸ்ப் மொழியில் எழுதிய நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடும். எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இருக்கிறாரா, சோர்ஸ் (மூல நிரல்) கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூடவே 16 கோர் (செயலியின் உட்கரு) கணினியும் வாங்கிவிடுங்கள், காரிடார் பறக்கும்.

தூக்குகுண்டு:
ப்ளகின் விஷயம் சரி. கோர் விஷயம் தப்பு. ஆட்டோகேட் வேலையில் பெரும்பகுதி ஒரே கோரில்தான் ஓடும். கோர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள்.

மூலைமட்டம்:
ரெண்டரிங் (நிஜம் போன்ற படம் தயாரிப்பது) எல்லாக் கோரையும் எடுக்கும். தெரியாமல் பேசாதீர்கள்.

தூக்குகுண்டு:
காரிடார் ரீபில்டு (மாற்றத்துக்குப் பின் மறுபடி கணக்கிட்டுக் கட்டுவது) ரெண்டரிங்கா?

ரசமட்டம்:
தலைப்பு அதுவல்ல. வடிவம்.

தூக்குகுண்டு:
சரி, வடிவத்துக்கே வருகிறேன். 2018 வடிவக் கோப்பை 2017 பதிப்பு திறக்கவே திறக்காது. 2013 வடிவத்தில் சேவ் அஸ் செய்தால் திறக்கும், ஆனால் சர்ஃபேஸ் ப்ராக்ஸியாகிவிடும். அனுப்பியவர் ப்ராக்ஸி கிராஃபிக்ஸ் (பதிலி உருவத்தைக் கோப்பில் சேர்ப்பதா என்ற அமைப்பு) 0 வைத்துச் சேமித்திருந்தால் வெறும் கட்டம்தான் தெரியும். இதைத்தான் "திறக்கிறது" என்கிறீர்களா?

மாறுகிறவர்கள் நடு வேலையில் மாறாதீர்கள். டேட்டா ஷார்ட்கட் (ஒருவர் கோப்பின் ஆப்ஜெக்டை மற்றவர் கோப்பில் எடுத்துக்கொள்ளும் இணைப்பு) பகிர்கிற 4 பேரில் ஒருவர் மட்டும் புதுப் பதிப்பில் சேமித்தால் மற்ற மூவரும் மாட்டுவார்கள். முடிந்த ஒரு திட்டத்தை நகல் எடுத்து, புதுப் பதிப்பில் திறந்து ஆடிட் (பிழை சோதிக்கும் கட்டளை) போட்டு, காரிடாரை ரீபில்டு செய்யுங்கள். வெட்டு-நிரப்பு கன அளவும் ஒவ்வொரு மேன்ஹோல் இன்வெர்ட் (குழாயின் உள் அடிப்பகுதி) மட்டமும் பழைய தாளோடு ஒத்துப்போக வேண்டும். பைப் கேட்டலாகில் (குழாய் அளவுப் பட்டியல்) நீங்களே சேர்த்த உருப்படிகள் தானாக வராது. அந்த ஃபோல்டர் பதிப்புக்கு ஒன்று தனித்தனியாக இருக்கும். அதை நகலெடுக்க மறந்தால், புதிய குழாய் போடும்போது உங்கள் அளவுகள் பட்டியலில் இருக்காது. டெம்ப்ளேட், சிடிபி (அச்சுக் கோட்டின் நிற, தடிமன் அமைப்புக் கோப்பு), எஸ்எச்எக்ஸ் எழுத்துரு எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

ரசமட்டம்:
பாருங்கள், இத்தனை வேலை! அதனால்தான் மாறாதே என்கிறேன்.

தூக்குகுண்டு:
மேலே நீங்கள் சொன்ன காரணம் வேறு. வடிவம் மாறவில்லை, அதனால் தேவையில்லை என்றீர்கள். இப்போது வேலை அதிகம் என்கிறீர்கள்.

மூலைமட்டம்:
கோர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தூக்குகுண்டு:
சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.

ரசமட்டம்:
ஒரே கேள்வி. 2018க்குப் பிறகு 2026 பதிப்பு வரை டிடபிள்யூஜி வடிவம் மாறியதா? ஆம் அல்லது இல்லை.

தூக்குகுண்டு:
இல்லை. ப்ராக்ஸியாக வந்த காரிடாரை உங்கள் பதிப்பில் ரீபில்டு செய்ய முடியுமா? ஆம் அல்லது இல்லை.

ரசமட்டம்:
கோப்பு திறக்கும்.