2013 எஃப்ஏ கோப்பையை விகன் ஜெயிச்சது வெறும் லக்கா?

நாக்அவுட் நாகு:
ஆபீஸ்ல ஒரு மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கிட்ட மாட்டிக்கிட்டேன். 2012-13 எஃப்ஏ கோப்பை (இங்கிலாந்தோட நாக்அவுட் ஃபுட்பால் கோப்பை) ஃபைனல்ல விகன்ங்கற கிளப் 1-0ன்னு சிட்டியை அடிச்சது பத்திப் பேச்சு வந்துச்சு. "நாங்க பத்து பேரா ஆடினோம், கடைசியில ஒரு கார்னர் விழுந்துச்சு, அவ்வளவுதான். மூணே நாள்ல பிரீமியர் லீக்லேர்ந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கின டீமெல்லாம் ஒரு டீமா?"ன்னு கேக்கறார். நான் அந்த மேட்ச் பார்த்ததில்லை. நிஜமாவே அப்படித்தானா?

லைன்ஸ்மேன்:
நான் லைவ்வா பார்த்தவன், சொல்றேன். மே 11, சனிக்கிழமை, நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒம்பதே முக்கால்.

பத்து பேர் ஆனது சரி, ஏன் ஆனாங்கன்னு அவரைக் கேளுங்க. விகன்ல கேலம் மெக்மனமன்னு ஒரு பொடியன், வலது விங். சிட்டி டிஃபென்டர் கிளிஷியை அன்னிக்குப் படுத்தாத பாடு இல்லை. நேரா அவர் முன்னாடி வந்து நிப்பான், அவர் எந்தக் கால்ல வெயிட் போடறார்னு பார்ப்பான், மறுபக்கம் பந்தைத் தள்ளிட்டுப் பறப்பான். 84ஆவது நிமிஷமும் அவன்தான் பந்தோட ஓடினான். சிட்டியோட சபலேட்டா வந்து சாய்ச்சார், ரெண்டாவது மஞ்சள் கார்டு, மைதானத்தை விட்டுக் கிளம்பிட்டார். மேன் ஆஃப் த மேட்ச்சும் அந்தப் பொடியன்தான்.

கார்னர் எடுத்தது விகனோட மெலோனி. அவங்க டீம் பென் வாட்சன், கிட்டத்துல இருந்த கோல் போஸ்டுக்கு ஓடி வந்து தலையால லேசா திருப்பி விட்டார், சிட்டி கோல்கீப்பர் ஜோ ஹார்ட்டுக்கு எட்டவே இல்லை. 91ஆவது நிமிஷம். வாட்சன் அந்த சீசன்ல நவம்பர்ல கால் உடைஞ்சு மாசக்கணக்குல படுத்திருந்தவர், அன்னிக்கு சப்ஸ்டிட்யூட்டா வந்தே பத்து நிமிஷம்தான் ஆகியிருந்துச்சு.

எனக்கு இன்னிக்கும் பிடிபடாதது வேற. அந்த சீசன் லீக்ல 38 மேட்ச்ல 73 கோல் வாங்கின டிஃபென்ஸ் அது. கோப்பையில போர்ன்மவுத்கூட டிரா ஆகி மறுபடி ஆடினதும் சேர்த்து ஏழு மேட்ச், வாங்கினது ரெண்டே கோல். காலிறுதியில எவர்ட்டன் மைதானத்துக்கே போய், டீ ஆறுறதுக்குள்ள மூணு கோல் போட்டு 3-0ன்னு முடிச்சாங்க. லக்குக்கு இவ்வளவு ஸ்டாமினா கிடையாது.

இறங்கினது உண்மை, மறைக்க ஒண்ணுமில்லை. செவ்வாய்க்கிழமை ஸ்வான்சீகிட்ட சொந்த ஊர்ல 3-2ன்னு தோல்வி, சனிக்கிழமை ஃபைனல், அடுத்த செவ்வாய் ஆர்சனல் மைதானத்துல 4-1ன்னு அடி. எட்டு நாள்ல மூணு மேட்ச், கையில இருந்ததோ சின்ன ஸ்குவாட். கோப்பையும் ஜெயிச்சு அதே சீசன்ல இறங்கின முதல் டீம்ங்கற பேர் அப்படி வந்ததுதான்.

கூடிசன் குமார்:
அந்த எவர்ட்டன் மேட்சை ஏன்ணே கிளறுறீங்க. மூணாவது கோல் விழுந்தப்ப ரீப்ளே ஓடுதுன்னு நினைச்சேன். கூத்து என்னன்னா, அடிச்ச விகன் மேனேஜர் மார்டினெஸையே அந்த ஜூன்ல எங்க எவர்ட்டன் ஆளுங்க கூட்டிட்டு வந்துட்டாங்க. சிட்டி மேனேஜர் மான்சினி நிலைமைதான் பாவம். 2012 மே 13 லீக் ஜெயிச்சுக் கொடுத்தார், 2013 மே 13 வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.

கணக்குப்புள்ள:
எல்லாம் சரி, ஆனா நான் விகன்காரனா இருந்தா லீக்ல நிக்கறதைத்தான் கேட்டிருப்பேன். 2005லேர்ந்து தொடர்ந்து எட்டு சீசன் பிரீமியர் லீக்ல இருந்த கிளப், அப்புறம் திரும்பி வரவே இல்லை. 2020ல பண நெருக்கடியில 12 பாயின்ட் வெட்டு வாங்கி ரெண்டாவது டிவிஷன்லேர்ந்து மூணாவதுக்கு இறங்கினாங்க. ஷோகேஸ்ல கோப்பை இருந்தா சம்பளம் போட முடியுமா?

லைன்ஸ்மேன்:
சம்பளத்துக்கு நீங்க சொல்றது சரி. ஆனா அந்த 2012-13 சீசனை இன்னிக்கு உக்காந்து பேசறோமே, கோப்பை இல்லாம, இறங்காம தப்பிக்கற கடைசி இடமான 17ஆவதுல முடிச்சிருந்தா அது நடக்குமா?

நாகு, உங்க ஆபீஸ் நண்பருக்கு ரெண்டு விஷயம். 2014 மார்ச்ல விகன் ரெண்டாவது டிவிஷன்ல இருந்துக்கிட்டே சிட்டி மைதானத்துல இதே கோப்பை காலிறுதியை 2-1ன்னு ஜெயிச்சுது. 2018 பிப்ரவரியில மூணாவது டிவிஷன் டீமா சொந்த ஊர்ல அதே கோப்பையில சிட்டியை 1-0, வில் கிரிக் கோல். அந்த வருஷம் சிட்டி லீக்ல 100 பாயின்ட் எடுத்த வருஷம். ஒருதரம்னா லக்கு. மூணு தரத்துக்கு அவர் என்ன பேர் வைப்பார்?

அப்புறம் அந்த "பத்து பேர்" புலம்பல். அப்ப விகன் சேர்மனா இருந்த டேவ் வீலன் 1960 எஃப்ஏ கோப்பை ஃபைனல்ல பிளாக்பர்னுக்கு ஆடினவர். ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னாடி கால் உடைஞ்சுது. அப்பல்லாம் சப்ஸ்டிட்யூட் கிடையாது, மிச்ச மேட்ச் பூரா பத்து பேர்தான், வுல்வ்ஸ்கிட்ட 3-0 தோல்வி. 2013ல டீமை ஃபைனல் நடந்த வெம்ப்ளி மைதானத்துக்குள்ள நடத்திக் கூட்டிட்டு வந்தது அவர்தான். சிட்டி பத்து பேரா ஆடினது கடைசி கொஞ்ச நிமிஷம். அந்த வலியை அவர்கிட்ட போய்ச் சொல்லச் சொல்லுங்க.

நாக்அவுட் நாகு:
போதும்ணே. 2018 மேட்டர் ஒண்ணே நாளைக்கு லஞ்ச்சுக்குத் தாங்கும்.